லுங்கிக் கோழிக்கு ஒரு பெண் வாரிசு

நசரத்பேட்டை
12.6.2024

அனுப்புநர்: பூ. ஹேமநாதன், தணிக்கைப் பிரிவு (ஓய்வு)
பெறுநர்: திருமதி பேபி கிறிஸ்துராஜ், வேப்பம்பட்டு

பொருள்: கோழிக்குஞ்சுகள் ஒன்பது – பங்கீட்டில் முறைகேடு – தொடர்பாக.
பார்வை: 1. நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாள் 18.2.2024. 2. தங்கள் வீட்டு வாசலில் நடந்த வாக்குவாதம், நாள் 9.6.2024.

அம்மா,

என் எண்ணைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டதாக என் மனைவி கஸ்தூரி மூலம் தெரியவந்தது. ஆகவே தபாலில் எழுத நேர்ந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆவடியிலிருந்து நாங்கள் இந்தப் புது வீட்டுக்கு மாறிய நேரத்தில், ஒரு மாதம் என் வரிக்கோழி தங்கள் வீட்டில் இருந்தது. கறுப்பு உடம்பில் குறுக்கே வெள்ளை வரி ஓடுகிற அந்தக் கோழிக்கு லுங்கி என்று பெயர் வைத்தது தங்கள் கணவர் கிறிஸ்துராஜ். நான் அப்போதே ஆட்சேபித்தேன். தங்கள் வீட்டுக் கறுப்புச் சேவலோடு சேர்ந்து திரிந்து, லுங்கி அங்கே பதினொரு முட்டை இட்டது. அதற்கு அடைகாக்கிற பழக்கம் இல்லாததால் தங்கள் நாட்டுக்கோழியின் அடியில் வைத்தோம். பொரிப்பதில் பெட்டையெல்லாம் எனக்கு, சேவலெல்லாம் தங்களுக்கு என்று பேசி, எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். சேவல் கூவினால் என் பக்கத்து வீட்டு ஜானகிராமன் சண்டைக்கு வருவார் என்பதால் அந்த ஏற்பாடு.

ஒன்பது பொரித்தன. மூன்று மாதம் வளர்த்து, போன ஞாயிறன்று, தங்கள் மகள் ஹெலினாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, என் பங்கு நான்கு பெட்டைகளைக் கூடையில் கொடுத்தீர்கள். நான்கும் அட்டக்கரி. தங்கள் கொல்லையில் ஓடிய ஐந்து சேவல்களுக்கும் தாயைப் போலவே வரி. ஐந்தும் சேவல்தான், மறுக்கவில்லை. ஆனால் வரிக்கோழிக்குப் பிறந்த பெட்டைகளில் ஒன்றுக்குக்கூடவா வரி இருக்காது? முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்துப் பாஸ் போட்டவன் நான். வரிபோட்ட பெட்டைகள் எங்கோ போயிருக்கின்றன, தங்கள் கறுப்புக்கோழியின் குஞ்சுகள் என் கூடைக்கு வந்திருக்கின்றன என்பதே என் முடிவு.

அன்று சொன்னதை எழுத்திலும் உறுதி செய்கிறேன். லுங்கியின் வழியில் வரிபோட்ட பெட்டை ஒன்று என் கைக்கு வரும்வரை தங்கள் வீட்டு வாசற்படியை மிதிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
பூ. ஹேமநாதன்


வேப்பம்பட்டு
20.6.2024

ஹேமநாதன் அண்ணனுக்கு,

மேலே ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். இல்லாவிட்டால் என் பேனா என்னென்ன எழுதும் என்று எனக்கே தெரியாது.

பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்கு மாதா படத்தைப் பார்த்துச் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இது கணக்கில் வராது.

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். பதினெட்டு வருஷம். என் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் உங்கள் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு, எடுத்த பிறகுதான் அண்ணியிடம் சொல்வேன். அப்போதெல்லாம் திருடி இல்லை. இப்போது நான்கு கோழிக்குஞ்சுக்குத் திருடி ஆகிவிட்டேன். அதுவும் சம்பந்தி வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது. நீங்கள் வேகமாகக் கிளம்பிப் போன பிறகு மாப்பிள்ளையின் அத்தை என் காதில் வந்து கேட்டாள், "இன்னாம்மா, கோழி திருட்டு கேஸா?" எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதும் பொரித்த அன்றைக்கு எல்லாமே கறுப்புப் பஞ்சாகத்தான் இருந்தன. அதில் ஐந்துக்கு மட்டும் உச்சந்தலையில் வெள்ளையாக ஒரு பொட்டு. பொட்டு இருந்த ஐந்துக்கும் வரி வந்தது, ஐந்தும் சேவலாயிற்று. பொட்டு இல்லாத நான்கும் கறுப்பாகவே வளர்ந்து பெட்டையாயிற்று. ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பொட்டை நான் சுண்ணாம்பு தொட்டு வைக்கவில்லை. இவரும் சொல்கிறார், "இன்னாபா ஹேமு, நம்ம பேபி குஞ்ச மாத்துவாளா? அவளுக்கு அவ செருப்பையே மாத்தாம போட்டுகினு வரத் தெரியாது."

இதுவெல்லாம் போகட்டும். ஜனவரி 22, புதன்கிழமை ஹெலினாவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. எனக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. மாமன் மாலை போட்டு அவளை வீட்டிலிருந்து கோயிலுக்கு அழைத்துப்போவது நீங்கள்தான் என்று அவள் பள்ளிக்கூடம் போகும்போதே பேசி முடித்த விஷயம். நீங்கள் ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லோரும் சால்வை போட்டார்கள், அவள் மட்டும் ஒரு வரிக்கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அந்தக் குஞ்சுதான் லுங்கி. அதை வைத்தே இப்படிச் சண்டை போடுகிறீர்கள். வாசற்படியை மிதிக்காமல் மாலையை எப்படிப் போடுவீர்கள், வேலிக்கு மேலாக எறிவீர்களா?

உங்கள் வரிபோட்ட பெட்டை உங்கள் கைக்கு வந்து சேரும் நாள் வரைக்கும் நானும் உங்களிடம் வாயைத் திறப்பதில்லை.

இப்படிக்கு,
நீங்கள் திருடி என்று சொன்ன
பேபி


நசரத்பேட்டை
2.7.2024

பொருள்: மேற்படி குஞ்சுகள் – தங்கள் விளக்கம் – தொடர்பாக.

அம்மா,

தலையில் பொட்டு இருந்தது என்பதை ஆதாரமாக ஏற்க இயலாது. நான் பார்க்கவில்லை.

வரிபோட்ட சேவல்கள் ஐந்தும் இந்த வழக்கில் சாட்சிப் பொருட்கள். அவற்றை அப்படியே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஹெலினா கேட்டால் மாமாவுக்கு மூட்டுவலி என்று சொல்லவும். லுங்கி நலம். இங்கு வந்ததிலிருந்து முட்டை இடுவதை நிறுத்திவிட்டது. இனி இடாது என்றுதான் தோன்றுகிறது.

இப்படிக்கு,
பூ. ஹேமநாதன்


வேப்பம்பட்டு
19.8.2024

ஹேமநாதன் அண்ணனுக்கு,

சாட்சிப் பொருட்களின் நிலவரம்.

ஒன்றைக் கீரிப்பிள்ளை தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று, இவருக்குக் காய்ச்சல் வந்து நாக்குச் செத்துப்போனதால், மிளகு ரசமாகிவிட்டது. மாதா திருநாளுக்கு என் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள், அன்றைக்கு இரண்டு. குழம்பு நன்றாக இருந்தது. திருட்டுக் கோழி ருசி அதிகம் போலிருக்கிறது.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு ஃபோர்மேன் என்று இவர் பெயர் வைத்திருக்கிறார். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் கொல்லை முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல நடந்து மேற்பார்வை பார்க்கும். செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வருகிறார்கள். நாட்டுக்கோழிதான் போடுவேன் என்று அத்தைக்காரியிடம் சொல்லிவிட்டேன். ஃபோர்மேனுக்கு அன்றோடு ஓய்வு.

ஹெலினாவிடம் மூட்டுவலி என்று சொன்னேன். "மாமாவுக்கு மூட்டு வலிக்குதா, மூக்கு மேல கோவமா?" என்று கேட்டாள். பதில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பேபி


நசரத்பேட்டை
17.9.2024
விரைவுத் தபால்

பேபி,

பொருள், பார்வை ஒன்றும் போடவில்லை. நேரமில்லை. ஃபோர்மேனை அறுத்துவிடாதே. மற்றதைப் பிறகு படித்தாலும் பரவாயில்லை, முதலில் போய்க் கத்தியை எடுத்து உள்ளே வை.

போனில் சொல்லலாம் என்று கஸ்தூரி செல்லைக் கேட்டேன். "நீங்க கொட்டிவிட்ட சொல்ல நீங்களே போய்ப் பொறுக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தத் தபால்.

என்ன நடந்தது என்றால், நான்கு கறுப்புக்கோழிகளில் ஒன்று காலை நொண்டியது. நேற்று அதைத் தூக்கிக்கொண்டு இங்கே கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் லாவண்யா என்று ஒரு அம்மா. கட்டுப்போட்டுக்கொண்டே எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். நான் முழு வழக்கையும் சொன்னேன், கொஞ்சம் காரமாகவே சொன்னேன். பின்னால் ஆட்டோடு நின்றவர் ஆட்டை மறந்துவிட்டுக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "குஞ்சா இருக்கறப்ப தலையில பொட்டு இருந்ததா சார்?"

ஐந்துக்கு இருந்ததாக நீ எழுதியிருந்ததைச் சொன்னேன்.

அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். இறகில் வரி போடுகிற விஷயம் ஒரு அச்சு மாதிரி. அந்த அச்சு இருக்கிற இடம், ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற அதே இடம். சேவலுக்கு அந்த இடம் இரண்டு உண்டு, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் பக்கம் முடிவாகிறது, கோழியில் தாய் பக்கம். லுங்கியிடம் இருப்பது ஒரே ஒரு வரி அச்சு. அதை அவள் குஞ்சுக்குக் கொடுத்தால் அந்தக் குஞ்சு சேவல். கொடுக்காமல் விட்டால்தான் அது பெட்டை. அந்தப் பெட்டைக்கு அச்சு தகப்பனிடமிருந்து மட்டும் வரும். தகப்பன் உன் வீட்டுக் கறுப்புச் சேவல். அவனிடம் வரி ஏது?

ஆக, கறுப்புச் சேவலோடு சேர்ந்த லுங்கி தலைகீழாக நின்றாலும் வரிபோட்ட மகளைப் பெற முடியாது. மகன்களுக்கு மட்டும்தான் வரி. அந்த வெள்ளைப் பொட்டும் வரி அச்சின் வேலைதான். நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நீ கொடுத்த நான்கு அட்டக்கரியும் என் லுங்கியின் சொந்த மகள்கள். நான் மூன்று மாதமாக அவற்றை மாற்றான்தாய்ப் பிள்ளைபோல நடத்தியிருக்கிறேன். நேற்று வந்ததும் கொஞ்சம் கம்பு அதிகமாகப் போட்டேன்.

பேபி, சம்பந்தி வீட்டார் முன்னால் உன்னைத் திருடி என்று சொன்னேன். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றும் இருக்கிறது. லுங்கி இனி முட்டை இடமாட்டாள். அவளுடைய வரி இப்போது உலகத்தில் இருப்பது ஃபோர்மேன் உடம்பில் மட்டும். பெட்டையெல்லாம் எனக்கு, சேவலெல்லாம் உனக்கு என்று நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, ஐந்து வரியையும் என் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று கீரிக்குப் போயிற்று, மூன்றைச் சாப்பிட்டுவிட்டீர்கள். சாப்பிட்டது சரி, உங்கள் பங்கு. அந்த ஒன்றை மட்டும் விட்டுவை.

ஹேமநாதன்


வேப்பம்பட்டு
24.9.2024

அண்ணே,

உங்கள் தபால் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. இவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிய ஓட்டத்தில், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

ஃபோர்மேன் பிழைத்தான். சம்பந்திகளுக்குக் கடையில் பிராய்லர் வாங்கி, நாட்டுக்கோழி மசாலா அரைத்துப் போட்டேன். அத்தைக்காரி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "நாட்டுக்கோயின்னு சொன்னீங்களே, பஞ்சு மாரி கீதே" என்றாள். அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் ஜன்னலுக்கு வெளியே நின்று கூவினான். என் மானம் இரண்டாவது முறையாகப் போனது, அதுவும் அதே கோழியால்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அழுதேன். சந்தோஷ அழுகைதான், ஆனால் அதை உங்களிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை. மன்னிப்பை எடுத்துக்கொண்டேன். அத்தைக்காரிக்கும் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டேன், மருந்துச்சீட்டு வரைக்கும். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் திருடி இல்லை என்பது புரிந்தது.

இப்போது சிக்கல் ஒன்றுதான். நான் மாதா படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாசலில் நின்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். என் வாக்கை நான் விட்டாலும் நீங்கள் உங்கள் வாக்கை விடமாட்டீர்கள், பதினெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேனே. ஆகவே கல்யாணத்துக்குள் ஒரு வரிபோட்ட பெட்டை பிறந்தாக வேண்டும். அந்த டாக்டர் அம்மாவிடம் வழி கேளுங்கள்.

பேபி


நசரத்பேட்டை
8.10.2024

பேபி,

கேட்டேன். வழி இருக்கிறது.

ஃபோர்மேனுக்கு அச்சு இரண்டு. தாய் கொடுத்தது வரி, தகப்பன் கொடுத்தது வெறும் கறுப்பு. ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டில் ஒன்றைக் கொடுப்பான். மகனா மகளா என்று பார்க்கமாட்டான். அவனுக்குப் பிறக்கும் மகள்களில் பாதிப் பேருக்கு வரி வரலாம். உன் கறுப்புச் சேவலை மட்டும் தனியாக அடைத்துவை. ஒரு எச்சரிக்கை. போன முறைபோலப் பொட்டு வைத்ததெல்லாம் சேவல் என்று இந்த முறை நினைத்துவிடாதே. பொட்டு இருந்தால் வரி உண்டு, அவ்வளவுதான். பெட்டையா சேவலா என்பது கொண்டை வளர்ந்த பிறகுதான் தெரியும்.

என் நான்கு கறுப்புக்கோழிகளும் முட்டை வைக்கத் தொடங்கிவிட்டன. அவற்றை நேற்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கிறிஸ்துராஜிடம் ஒப்படைத்தேன். ஃபோர்மேனுக்கு அவை கூடப்பிறந்தவை ஆயிற்றே, சரிப்படுமா என்று டாக்டரைக் கேட்டேன். ஒரு முறை பரவாயில்லை, அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். உன் கணவரிடம் இதைச் சொன்னதற்கு, "கோயிங்களுக்கு ஏதுபா பங்காளி கணக்கு, கூடைய குடு, மழை வருது" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.

ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

ஹேமநாதன்


வேப்பம்பட்டு
20.11.2024

அண்ணே,

திங்கட்கிழமை காலை பொரித்துவிட்டன. பத்து முட்டையில் எட்டு. மழையில் கொல்லையெல்லாம் தண்ணீர், அடைக்கூடையை ஹெலினா அறையில் கல்யாணப் புடவைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஐந்து மொட்டைக் கறுப்பு. மூன்றுக்குப் பொட்டு. நானும் ஹெலினாவும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டோம். மூன்று.

பாதி மகளுக்கு வரி என்கிறீர்கள், எந்தப் பாதி என்று டாக்டர் அம்மா சொல்லவில்லையா? நான் தினமும் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோழிக்காக என்று மாதாவிடம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

பேபி


நசரத்பேட்டை
15.12.2024

பேபி,

நேற்று ஹெலினாவும் கிறிஸ்துராஜும் பத்திரிகை வைக்க வந்தார்கள். நீ வரவில்லை என்று நான் வருத்தப்படவில்லை, வந்திருந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பாய், அதைத் தாங்கியிருக்க மாட்டேன். பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது ஹெலினா கேட்டாள். "மாமா, அது பெட்டையா இல்லன்னா நீங்க நெஜமாவே வரமாட்டீங்களா?" எனக்கு மகள் கிடையாது. அவள் முதல்முதலில் நடந்தது என் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல்லை இப்படி ஓசையில்லாமல் விழுங்கவும் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு முறை ரிஜக்ட் என்று சொன்னால் பொது மேலாளரே வந்தாலும் மாற்றமாட்டேன் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயர் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

கொண்டை நிலவரத்தை உடனே எழுது. மூன்றுக்கும்.

ஹேமநாதன்


வேப்பம்பட்டு
11.1.2025

அண்ணே,

இந்தக் கடிதத்தோடு இவர் கொண்டுவரும் அட்டைப்பெட்டியில் உங்கள் வரிபோட்ட பெட்டை இருக்கிறது. கோணிப்பை மூடிய கூடையில் உங்கள் நான்கு கறுப்புக்கோழிகள்.

மூன்றில் இரண்டு சேவலாகிவிட்டன. இது ஒன்று பெட்டை. கொண்டையில் மஞ்சள் பூசியிருக்கிறேன். இங்கே இரண்டு தெரு தள்ளிக் கோழிகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால்தான். கழுவ வேண்டாம், கழுவினால் சளி பிடிக்கும்.

சோதித்துப் பார்த்து எழுதுங்கள். புதன்கிழமை 22, காலை ஏழு மணிக்கு வீட்டில் மாலை. ஒன்பது மணிக்குக் கோயில்.

பேபி


நசரத்பேட்டை
12.1.2025

தணிக்கைச் சான்று

பொருள்: வரிக்கோழி ஒன்று – பெறப்பட்டது – தொடர்பாக.

1. இறகு: கறுப்பில் வெள்ளை வரி. வரி தெளிவாக உள்ளது. லுங்கியோடு பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடப்பட்டது. லுங்கி ஒரு கொத்து கொத்தியது, மற்றபடி ஆட்சேபணை இல்லை.

2. கொண்டை: மஞ்சள் பூசப்பட்டுள்ளது. தெரிவிக்கப்பட்ட காரணம் ஏற்கப்பட்டது. கழுவப்படவில்லை.

3. முடிவு: பெட்டை. பாஸ்.

22ஆம் தேதி காலை ஆறே முக்காலுக்கு வாசலில் இருப்பேன்.

பூ. ஹேமநாதன்
தணிக்கைப் பிரிவு (ஓய்வு)


வேப்பம்பட்டு
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுக்கூட அரை மணி நேரம் போனில் பேசினோம். இருந்தாலும் இதை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் பழைய வழியில் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று நீங்கள் பட்டு வேட்டியில், மாலைத் தட்டோடு, வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்றீர்களே, அந்தப் படம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஏழு மாதம் அடைத்துவைத்த வாய். என்னென்னவோ பேச நினைத்திருந்தேன். கடைசியில் வந்தது, "இன்னாண்ணே வாசல்லயே நின்னுகினு கீறீங்க, மாலை வாடிப்பூடும், உள்ள வாங்க" என்பதுதான். நீங்கள் படியை மிதித்ததும் இவர் கைதட்டினார், விவரம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து தட்டினார்கள். ஹெலினா கழுத்தில் நீங்கள் மாலை போட்டதை வீடியோவில் நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

இனி என் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற மாதிரி. அது பெட்டை இல்லை அண்ணே. சேவல்.

பொட்டு வைத்த மூன்றும் சேவலாகிவிட்டன. கிறிஸ்துமஸுக்குள் மூன்றின் கொண்டையும் சிவந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி உங்கள் டிசம்பர் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். உண்மையைச் சொன்னால் நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சோதனையை உங்களுக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை. இருப்பதில் கொண்டை சின்னதாக இருந்ததைப் பிடித்து, மஞ்சளைக் குழைத்து அப்பி அனுப்பினேன். அம்மையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. குஞ்சை மாற்றினேன் என்று நீங்கள் சொன்னபோது நான் எதையும் மாற்றவில்லை. அப்படிச் சொல்லாமல் நீங்கள் நம்பியிருந்தபோதுதான் உங்களை ஏமாற்றினேன்.

இன்றோ நாளையோ கூவிவிடும். அதற்கு முன்னால் என் வாயால் தெரியட்டும். கோபமாக இருந்தால் திட்டி எழுதுங்கள், ஆனால் தயவுசெய்து படியை மிதிக்கமாட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் தங்கை
பேபி


நசரத்பேட்டை
17.2.2025

அன்புள்ள பேபி,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே கூவிவிட்டது. தண்டவாளத்தில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம். கஸ்தூரி தோசைத் திருப்பியோடு வெளியே வந்து, கோழியைப் பார்த்து, என்னைப் பார்த்து, உள்ளே போய்ச் சிரித்தாள்.

பக்கத்து வீட்டு ஜானகிராமன் அன்றைக்கே வந்துவிட்டார். "சார், சேவல் வளக்கறீங்களா?" என்றார். நான் உள்ளே போய் ஜனவரி 12ஆம் தேதிச் சான்றின் நகலை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். முடிவு பெட்டை, பாஸ் என்று போட்டிருக்கிறதை இரண்டு தடவை படித்தார். அவர் கணக்குத் துறையில் இருந்தவர். முத்திரை இல்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நீ ஏமாற்றியதாக வருத்தப்படாதே. எட்டு வாரத்துக் குஞ்சில் சேவலுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அந்தப் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. கால் தடித்திருந்தது. நிற்கிற நிலையிலேயே அப்பன் ஃபோர்மேனின் திமிர். உறுதி செய்ய ஈரத்துணியைக்கூடக் கையில் எடுத்தேன். ஒரு துடைப்பு துடைத்திருந்தால் போதும்.

துணியை மடித்து வைத்துவிட்டேன். நான் வருவதற்காக நீ கோழிக் கொண்டைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய் என்று நினைத்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது பேபி. கிறிஸ்துராஜ் வாசலில் நின்றுகொண்டு, "இன்னாபா, பாஸா பெயிலா?" என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் தப்பு என்று தெரிந்தே நான் பாஸ் போட்ட ஒரே பீஸ் அதுதான். அதைப்போல நல்ல பீஸ் என் கைக்கு வந்ததும் இல்லை.

இவனிடமும் ஒரு வரி அச்சு இருக்கிறது. மறுபடியும் பாதிக்குப் பாதி. அத்தைகளோடு சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் இந்தமுறை பெட்டை உன் வீட்டிலிருந்து வரவேண்டும். அடையும் உன் கோழிதான். ஞாயிற்றுக்கிழமை இவனைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். ஹெலினாவையும் மாப்பிள்ளையையும் வரச்சொல்.

என்ன பிறந்தாலும் நீயே பார்த்துப் பிரித்துக் கொடு. நான் கூடையைத் திறந்து பார்க்கமாட்டேன்.

அண்ணன்
ஹேமநாதன்